எந்த லீ என்ஃபீல்டை வாங்குவது?

கேள்வி: ஐயா, நான் கோத்தகிரிக்காரன். ஒன்பது வருடமாக இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வயது 43, உயரம் ஐந்தடி நாலு. இங்கே ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து .22 என்கிற சின்ன ரகத் துப்பாக்கி சுட்டுப் பழகினேன். இப்போது போலீஸ் சான்றிதழும் கிடைத்துவிட்டது. அதில் .303 ரைபிள் ஒன்று வாங்க அனுமதி இருக்கிறது. என் தாத்தா அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் 31 வருடம் வேலை செய்தவர். அதனால் அந்தக் காலத்து ராணுவ ரைபிளான லீ என்ஃபீல்டைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. கடைக்காரரிடம் நான்கு இருக்கின்றன: 1942இல் இஷாப்பூரில் செய்த நம்பர் 1 மார்க் 3 ஸ்டார், நம்பர் 4 மார்க் 2, ஜங்கிள் கார்பைன் என்கிற நம்பர் 5, அப்புறம் 7.62 மி.மீ. தோட்டா சுடும் இஷாப்பூர் 2ஏ1. கிளப்பில் 100 கஜத்தில் குறி அட்டை சுடுவோம். வருடத்தில் இரண்டு மூன்று முறை 300 கஜம். எதை எடுக்கலாம்? ஒரு பெட்டி பழைய இந்திய ராணுவத் தோட்டாவும் மலிவாகத் தருகிறேன் என்கிறார். சுடலாமா? ஊருக்குத் திரும்பும்போது ரைபிளைக் கூடவே கொண்டுவர முடியுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: அன்புள்ள தம்பி, நம்பர் 4 மார்க் 2வை எடுங்கள். மற்ற மூன்றையும் கையில் வாங்கிப் பாருங்கள், போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு) இழுத்துப் பாருங்கள், ஆசை தீரத் தோளில் வைத்துப் பாருங்கள். காசு கொடுப்பது நம்பர் 4க்காக இருக்கட்டும். இஷாப்பூர் ரைபிளின் மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. அதனால்தான் காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக இருந்தவன். துப்பாக்கியைச் சுட்ட நேரத்தைவிட அதைக் கழற்றிப் பூட்டிய நேரம்தான் அதிகம். ஓய்வுபெற்ற பிறகு குன்னூர் பக்கம் குடியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு ஏர் ரைபிளும் .22வும் சொல்லிக்கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் லீ என்ஃபீல்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் முக்கியமானது ஒன்று: அதில் வம்பு பண்ணுவது பெரும்பாலும் இரும்பு இல்லை, மரம். கோத்தகிரியில் பிறந்த உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக் கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும். தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். அதே கதவு மாசி, பங்குனியில் லொடலொடவென்று ஆடும். லீ என்ஃபீல்டு ரைபிளின் குழல் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் அந்த மாதிரி மரத்துக்குள்தான் படுத்திருக்கிறது. மரம் ஊதினால் குழலைத் தள்ளும், காய்ந்து சுருங்கினால் விட்டுவிடும். ஆடியில் குறியைச் சரியாக வைத்த (ஜீரோ செய்த) ரைபிள் தை மாதத்தில் அட்டையின் வேறு மூலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். சுட்டவன் தன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பான். நீங்கள் இருக்கிற நாடும் ஈரத்துக்குக் குறைச்சல் இல்லாத நாடு. அதனால் மரத்தை எவ்வளவு குறைவாக நம்பியிருக்கிறதோ அந்த ரைபிள்தான் உங்களுக்கு நல்லது.

இப்போது நான்கையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

முதலில் உங்கள் மனசில் இருப்பது, நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். ஊரில் த்ரீ நாட் த்ரீ என்று சொன்னாலே எல்லார் கண்ணிலும் வருவது இந்த மொட்டை மூக்குத் துப்பாக்கிதான். மார்க் 3 வந்தது 1907இல். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கில் அவசரமாகச் செய்ய வேண்டி வந்தபோது, தோட்டாவைத் தடுத்து ஒவ்வொன்றாகப் போட வைக்கும் தகடு, தூரத்துக் கூட்டத்தைச் சுடுவதற்கான பக்கவாட்டு சைட் (குறிபார்க்கும் அமைப்பு) போன்றவற்றை எடுத்துவிட்டார்கள். அப்படி எளிமையாக்கியதுதான் ஸ்டார். கொல்கத்தாவை ஒட்டி ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் தொழிற்சாலை இரண்டாம் உலகப் போர் முழுக்க இதையே செய்தது, சுதந்திரத்துக்குப் பிறகும் செய்தது. 1962இல் சீனாவோடு நடந்த சண்டையில் நம் ஜவான்களில் பெரும்பாலோர் கையில் இருந்ததும் இந்த வகைதான். போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும், கைப்பிடி 60 டிகிரி எழும்பினால் போதும், மகசினில் பத்து ரவுண்டு. ஐந்தைந்தாகக் கிளிப்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கிவிடலாம். அந்த வேகத்துக்காகவே இதைக் காதலிக்கிறவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

ஆனால் குறி பார்ப்பதற்கு என்று வரும்போது இரண்டு குறை. ஒன்று, பின் சைட் குழலின் மேல், கண்ணிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. அதுவும் வெட்டுக் காடி வைத்த திறந்த சைட். காடி, முன் முள், அட்டை மூன்றையும் கண் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். உங்களுக்கு 43 வயது. படிக்கக் கண்ணாடி போட ஆரம்பித்திருப்பீர்கள், அல்லது இன்னும் இரண்டு வருடத்தில் போடுவீர்கள். இருபது வயதில் கத்தி மாதிரி தெரிந்த காடி நாற்பதுக்கு மேல் பஞ்சு மாதிரி தெரியும். இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரமும் இதில் சுமார் 19 அங்குலம்தான். நம்பர் 4இல் அது 28 அங்குலத்துக்கும் மேல். தூரம் கூடக் கூடப் பிசகு குறையும்.

இரண்டாவது குறை மரம். நம்பர் 1இல் முன்கட்டை மூக்கு வரை போகிறது. உள்ளே ஒரு வளையம், அதற்கு ஒரு ஸ்பிரிங், முனையில் ஒரு குட்டி ஸ்பிரிங் முளை என்று குழலை மரத்துக்குள் பதமாக உட்கார வைக்கச் செய்த ஏற்பாடுகள் எல்லாம் உண்டு. எல்லாம் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால் அருமையாகச் சுடும். எண்பது வருடத்தில் யாரோ கழற்றி, ஸ்பிரிங்கைத் தொலைத்து, அப்படியே மூடியிருந்தால் வேதனைதான். இஷாப்பூர் ரைபிள் என்றால் முன்கட்டையின் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மரத்துக்குக் குறுக்கே ஒரு திருகாணி போயிருக்கும். இந்திய வெயிலும் மழையும் மாறி மாறி அடிப்பதில் முன்கட்டை பிளந்துவிடாமல் இருக்கப் போட்டது அது. அதைப் பார்த்துக் குறை என்று நினைக்க வேண்டாம். மரத்தின் குணம் தெரிந்த கை போட்ட ஆணி அது.

நம்பர் 4க்கு வருகிறேன். இதை 1939இல் ஏற்றுக்கொண்டார்கள், தொழிற்சாலைகளில் மளமளவென்று செய்ய ஆரம்பித்தது 1941இல். குழல் நீளம் நம்பர் 1இல் இருக்கிற அதே 25.2 அங்குலம்தான். ஆனால் கனமான குழல். பின் சைட்டைக் குழலின் மேலிருந்து எடுத்து, போல்ட்டுக்கு மேலே, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அதுவும் துளை சைட். துளை வழியாகப் பார்த்தால் கண் தானாகவே நடுவில் போய் நிற்கும். முன் முள்ளையும் அட்டையையும் மட்டும் கவனித்தால் போதும். நாற்பது தாண்டிய கண்ணுக்கு இது பெரிய வரம்.

இதில் மார்க் 2 ஏன் என்று சொல்கிறேன். இதுதான் நான் சொல்ல வந்ததின் மையம். நம்பர் 1இலும் நம்பர் 4 மார்க் 1இலும் விசை (ட்ரிகர்) தொங்குவது விசைக் காப்பு வளையத்தில். அந்த வளையம் மரத்தோடு சேர்த்துத் திருகியது. விசை அழுத்தும் கொக்கியோ ரைபிளின் இரும்பு உடம்பில் இருக்கிறது. அதாவது விசைக்கும் கொக்கிக்கும் நடுவே மரம் இருக்கிறது. மரம் ஒரு நூல் ஊதினால் விசையின் இழுப்பு மாறும். முதல் இழுப்பு, இரண்டாம் இழுப்பு என்று படிப்படியாக வர வேண்டியது ஒரே இழுப்பாக வரும், அல்லது இழுத்துக்கொண்டே போகும். நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அரம் போட்டுச் சரிசெய்வோம். அடுத்த மழைக்கு மறுபடி பட்டறைக்கு வரும். போருக்குப் பிறகு வந்த மார்க் 2இல் விசையை நேரே இரும்பு உடம்பிலேயே தொங்கவிட்டார்கள். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் ஈர தேசத்தில் சுடுகிறவனுக்கு அதுதான் எல்லாமே. மழையோ வெயிலோ, விசை நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கும். பயிற்சியில் விரலுக்குக் கிடைத்த பழக்கம் வீண் போகாது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்த மார்க் 1 ஸ்டார்களும் கடைகளில் வரும். அவற்றில் மோசம் எதுவும் இல்லை. போல்ட்டைக் கழற்றும் இடத்தில் தடத்தில் ஒரு வெட்டு இருக்கும், அது சிதைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். உங்கள் கடைக்காரரிடமே மார்க் 2 இருக்கும்போது அந்தக் கவலை எதற்கு?

நம்பர் 5, ஜங்கிள் கார்பைன். 1944இல் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் சண்டை போட என்று வந்தது. பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். குட்டையான குழல், முனையில் புனல் மாதிரி தீப்பொறி மறைப்பான், எடை சுமார் 3.2 கிலோ. நம்பர் 4 நான்கு கிலோவுக்கு மேல். எடையைக் குறைக்க உடம்பிலும் குழலிலும் அங்கங்கே செதுக்கி எடுத்தார்கள். அதே தோட்டா, லேசான துப்பாக்கி. உதை முழுக்கத் தோளில்தான் விழும். பின்னால் வைத்த ரப்பர் பட்டை அகலம் குறைவானது, வயதானால் கல்லாகிவிடும். நாலு பேர் சேர்ந்து நாற்பது ரவுண்டு சுடும் ஒரு மதியத்துக்குப் பிறகு மறுநாள் வார்டில் நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்கும் வேலை உங்களுக்கு இருக்கிறது, அதை மறக்காதீர்கள். ஜீரோ நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்ற புகாரும் அந்தக் காலத்திலேயே எழுந்து, 1947இல் இதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இன்னொரு ஆபத்து, போலி. சாதாரண நம்பர் 4ஐ அல்லது நம்பர் 1ஐக் குட்டையாக வெட்டி, முனையில் ஒரு புனலை மாட்டி, ஜங்கிள் கார்பைன் என்று விற்றவர்கள் நிறைய. உடம்பிலும் குழல் அடியிலும் அந்தச் செதுக்கல்கள் இல்லை என்றால் அது அசல் இல்லை. அட்டை சுடுகிறவருக்கு அசலே வேண்டாம் என்கிறபோது போலி எதற்கு?

2ஏ1ஐப் பற்றி மரியாதையோடு பேச வேண்டும். 1962க்குப் பிறகு நம் ராணுவம் 7.62 தோட்டாவுக்கு மாறியது. எஸ்.எல்.ஆர். என்கிற, தானாகவே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள் எல்லார் கைக்கும் வந்து சேரும் வரை சமாளிக்க, அதே நம்பர் 1 வடிவத்தை மேலான எஃகில் 7.62க்காகச் செய்தார்கள். பழைய .303வைக் குழல் மாற்றி 7.62 ஆக்கிய ரைபிள் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு, புதிதாகவே செய்தது. முதலில் வந்தது 2ஏ. பின் சைட்டை 2000இலிருந்து 800 மீட்டருக்கு மாற்றியது 2ஏ1. கீழே சதுரப் பெட்டி மாதிரி தெரியும் மகசினைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். விளிம்பு இல்லாத தோட்டா என்பதால் மகசினில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாது. ஆனால் சைட்டும் மரமும் நம்பர் 1இன் சைட்டும் மரமும்தான். அதைவிட முக்கியம், உங்கள் சான்றிதழில் இருப்பது .303 மட்டும். 2ஏ1 வேண்டுமானால் முதலில் போலீஸிடம் எழுதிச் சான்றிதழை மாற்றி வாங்க வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை என்றால் அவர் சொல்லும் மற்றதையும் ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது 2ஏ1 வாங்கினாலும், வேட்டைக்கென்று வேகம் ஏற்றிய .308 தோட்டாவைப் போடாதீர்கள். ராணுவ அளவுக்குச் செய்த மிதமான 7.62 போதும்.

சரி, மாடல் முடிவாகிவிட்டது. இனிமேல்தான் உண்மையான வேலை. குன்னூர் தேயிலை ஏலத்தில் பெட்டியின் மேல் எழுதிய கிரேடைப் பார்த்து மட்டும் யாராவது விலை கேட்பார்களா? காய்ச்சி, வாயில் ஊற்றிப் பார்த்துத்தான் கேட்பார்கள். மோசமான குழல் வைத்த மார்க் 2வைவிட நல்ல குழல் வைத்த மார்க் 1 மேல். ஆகவே கடையில் இப்படிச் செய்யுங்கள்.

மகசின் காலி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று முதலில் பார்த்துவிட்டுப் போல்ட்டைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு பின்பக்கமிருந்து குழலுக்குள் பாருங்கள். உள்ளே வரிகள் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவது தெரியும். வழக்கமாக ஐந்து வரி. போர்க்காலத்து நம்பர் 4 சிலவற்றில் இரண்டே வரி இருக்கும், அதுவும் நன்றாகச் சுடும், பயப்பட வேண்டாம். வரியின் ஓரங்கள் கூர்மையாகத் தெரிகின்றனவா, அல்லது சோப்புக்கட்டி கரைந்த மாதிரி மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். லேசான கருமை இருந்தால் பாதகமில்லை. அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் முனையைப் பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். ராணுவத்தில் குழலைத் துடைப்பது கயிற்றில் துணி கட்டி இழுத்துத்தான். கயிற்றை நேராக இழுக்காமல் சோம்பேறித்தனமாகக் கீழ்நோக்கி இழுத்தால் முனையின் கீழ் உதட்டில் கயிறு உரசும். கயிறு என்னத்தைத் தேய்த்துவிடும் என்று தோன்றும். ஊர்ப் பொதுக்கிணற்றின் கல்லில் தாம்புக்கயிறு போட்ட பள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முனை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால் குண்டு வெளியே வரும்போது ஒரு பக்கமாகக் காற்று கசிந்து தள்ளிவிடும். க்ரூப் (அட்டையில் குண்டுகள் விழும் கூட்டம்) விரியும். பென்சில் டார்ச்சை வைத்து முனையின் வட்டத்தைச் சுற்றிலும் பாருங்கள்.

போல்ட்டில் உள்ள எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்பர் 4இன் போல்ட் தலையில் 0, 1, 2, 3 என்று ஓர் இலக்கம் இருக்கும். தோட்டாவின் அடிக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய வெவ்வேறு நீளத்தில் செய்த தலைகள் அவை. 3 போட்டிருக்கிறது என்றால் நிறையத் தேய்ந்த துப்பாக்கியாக இருக்கலாம், கேஜ் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த நாட்டின் சோதனைச் சாலை முத்திரையும் இருக்க வேண்டும். .303வில் 18.5 டன் (அழுத்த அளவு) என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். எஃப்.டி.ஆர். என்று முத்திரை இருந்தால் நல்ல சகுனம். தொழிற்சாலையிலேயே முழுக்கப் பிரித்துப் புதுப்பித்தது என்று அர்த்தம். டி.பி. என்று இருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கியது, அதை எந்தக் காரணத்துக்காகவும் சுடக் கூடாது. முன்கட்டையில் கம்பி சுற்றியிருக்கும் ரைபிள்கள் எறிகுண்டு வீசப் பயன்படுத்தியவை. அவற்றையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் உயரத்துக்கு ஒரு விஷயம். லீ என்ஃபீல்டின் பின்கட்டை பல நீளங்களில் வந்தது. மேல் பக்கம் எஸ் என்று இருந்தால் அரை அங்குலம் குறைவு, பி என்று இருந்தால் ஓர் அங்குலம் குறைவு, எல் என்றால் அரை அங்குலம் அதிகம். ஐந்தடி நாலுக்கு எஸ் கச்சிதமாக இருக்கும். இங்கிலாந்தில் உயரமானவர்கள் ‘எல்’ கட்டையைத் தேடி அலைவார்கள், உங்களுக்கு வேண்டியது சுலபமாகவே கிடைக்கும். கட்டை நீளமாக இருந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு சுட வேண்டிவரும், கன்னம் ஒரே இடத்தில் படியாது, உதையும் தப்பான இடத்தில் விழும். .22 பயிற்சியில் இது தெரியாது, இதில் முதல் நாளே தெரியும். நம்பர் 4இல் கட்டையை மாற்றுவது சுலபம். எப்போதாவது நம்பர் 1 கைக்கு வந்தால், முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் நீள ஆணியைத் திருகாதீர்கள். ஆணியின் சதுர முனை முன்கட்டைத் தகட்டுக்குள் நுழைந்திருக்கும், திருகினால் மரம் பிளந்துவிடும். புதிதாக வந்த பையன் ஒருவன் என் பட்டறையிலேயே இப்படி ஒன்றைப் பிளந்தான். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

முதல் நாள் 100 கஜத்தில் சுடும்போது குண்டு சில அங்குலம் மேலே போனால் பதறாதீர்கள். ராணுவ சைட்டின் மிகக் குறைந்த அளவே 200 கஜம், புரட்டும் சைட்டாக இருந்தால் 300. உயரம் கூடிய முன் முள் ஒன்றை மாட்டினால் சரியாகிவிடும். மகசினில் போடும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி போடுங்கள். பின்னால் மாட்டினால் போல்ட் நகராது.

இனி அந்தப் பழைய தோட்டாப் பெட்டி. உங்கள் தாத்தாவை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அருவங்காடு ஃபேக்டரி 1904இலிருந்து நடக்கிறது. ஊருக்கே கார்டைட் ஃபேக்டரி என்றுதான் பெயர். கார்டைட் என்றால் நைட்ரோகிளிசரினையும் பஞ்சு மருந்தையும் அசிட்டோனில் பிசைந்து, கொஞ்சம் வாசலீன் சேர்த்து, இடியாப்பம் மாதிரி பிழிந்து எடுத்த இழை. ஒருமுறை பழைய .303 ஒன்றைப் பட்டறையில் பிரித்தேன். குண்டை எடுத்தால் உள்ளே தூள் இல்லை, அட்டையில் ஒரு வட்டம். அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில் வறுத்த சேமியா மாதிரி இழைகள், நெருக்கமாக அடுக்கிய ஒரு கட்டு. குறுகிய கழுத்து வழியாக அந்தக் கட்டை நுழைக்கவே முடியாது. இழையைப் போட்டுவிட்டு அப்புறம்தான் கழுத்தைக் குறுக்குவார்கள். உங்கள் தாத்தாவின் கைவேலை அப்படிப்பட்ட ஒன்று. பெருமைப்படலாம்.

ஆனால் சுடாதீர்கள். இரண்டு காரணம். பழைய தோட்டாவின் தொப்பி மருந்தில் (அடியில் அடிபட்டு முதலில் பற்றும் மருந்து) குளோரேட் இருக்கிறது. வெடித்த பிறகு உப்பாக மாறிக் குழலுக்குள் படிந்துவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டால் அது கரையாது, எண்ணெய்க்குக் கீழேயே துரு தின்னும். இதனால்தான் அந்தக் காலத்தில் சுட்ட அன்றைக்கே கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றினார்கள். ஊட்டி மழையில் ஒரு நாள் விட்டால் போதும், மறுநாள் குழல் செம்மண் நிறமாகிவிடும்.

இரண்டாவது, தாமத வெடி. விசையை இழுத்தால் டக் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. பார்த்துவிடலாம் என்று போல்ட்டைத் திறக்கிற நேரத்தில் வெடிக்கும். நான் பணியில் இருந்தபோது ஒரு ரேஞ்சில் ஒரு ஜவானின் கை போல்ட்டை நோக்கிப் போவதைப் பார்த்து, ‘கை எடு’ என்று கத்தினேன். எடுத்தான், அடுத்த நொடி வெடித்தது. குண்டு மண்மேட்டுக்குள்தான் போனது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை, என் முகத்தில் மட்டும் இருந்திருக்குமா என்ன? எந்தத் தோட்டாவானாலும் வெடிக்கவில்லை என்றால் முனையை அட்டைப் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள். ரேஞ்ச் அதிகாரி சொன்ன பிறகே திறக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் புதுத் தோட்டாவில் 174 கிரெய்ன் (குண்டின் எடை அளவு), அடி தட்டையான குண்டு வைத்ததை வாங்குங்கள். பழைய ராணுவ மார்க் 7 தோட்டாவின் குண்டும் 174 கிரெய்ன்தான், வேகம் நொடிக்கு 2440 அடி. ரைபிளின் சைட்டே அதற்காகத்தான் அளந்தது. கார்டைட் சூடாக எரியும் என்பதால் பழைய குழல்களின் தொண்டை கொஞ்சம் அகன்றிருக்கும். தட்டை அடி குண்டு அதில் நன்றாகப் பிடிக்கும், வால் குறுகியது அவ்வளவாகப் பிடிக்காது. பிற்பாடு காலிப் பித்தளையில் (சுட்ட பிறகு மிஞ்சும் தோட்டாக் கூடு) நீங்களே மருந்து நிரப்பிச் சுட ஆரம்பிப்பீர்கள், எல்லாரும் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். அப்போது கழுத்தை மட்டும் அளவெடுத்துச் சரிசெய்யுங்கள், முழுப் பித்தளையையும் அமுக்காதீர்கள். லீ என்ஃபீல்டின் பூட்டு பின்பக்கம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் பித்தளை அடிப்பக்கத்தில் கொஞ்சம் இழுபடும். ஒரு பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியை மட்டும் மடித்து, பித்தளையின் உள்ளே விட்டு அடிக்குச் சற்று மேலே சுவரைத் தடவிப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்தப் பித்தளையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த முறை அது இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஊருக்குக் கொண்டுவருவதைப் பற்றி. முடியாது, தம்பி. .303வும் 7.62வும் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ரகம். ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் வாங்கும் சாதாரண லைசென்ஸில் அவை வராது. வெள்ளைக்காரன் காலத்திலேயே ராணுவத் தோட்டா வெளியார் கைக்குப் போகக் கூடாது என்று தடுத்தார்கள். அந்தத் தடையால்தான் .315 என்ற ரகமே இங்கே நிலைத்தது. இஷாப்பூர் செய்யும் .315 ஸ்போர்ட்டிங் ரைபிளின் போல்ட்டை இழுத்துப் பார்த்தால் உங்கள் கைக்கே தெரியும், அது லீ என்ஃபீல்டின் உடம்புதான். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் போல்ட் வேண்டும் என்றால் அதற்கு லைசென்ஸ் கேளுங்கள். காரணம் கேட்பார்கள், காத்திருக்க வேண்டிவரும். தோட்டத்துக்குள் காட்டுமாடு வருகிறது, பன்றி வருகிறது என்பதெல்லாம் சுடுவதற்கு அனுமதி ஆகிவிடாது. 1972இன் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அட்டை சுடுவதற்கு மட்டும் என்றால் .177 ஏர் ரைபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 20 ஜூல் சக்திக்குள் இருந்தால் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. வீட்டு மாடியில் பத்து மீட்டருக்கு இடம் இருந்தால் போதும்.

நிரந்தரமாகத் திரும்புவது என்று முடிவானதும் அங்கேயே பதிவுபெற்ற வியாபாரியிடமோ கிளப் நண்பரிடமோ ரைபிளை விற்றுவிடுங்கள். விற்ற ஏழு நாளுக்குள் போலீஸுக்கு எழுத வேண்டும். அதைவிட முக்கியமாக, ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை ஒருநாளும் ஊர் வரும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். லீவுக்கு வரும்போதும்தான். பையின் தையல் ஓரத்தில், அங்கியின் உள்பாக்கெட்டில் ஒரு தோட்டா சிக்கியிருப்பது உங்களுக்கே தெரியாது, கோவை விமான நிலையத்து எக்ஸ்ரேவுக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்காகிவிடலாம். காலிப் பித்தளை என்றாலும் மணிக்கணக்கில் உட்கார வைத்துக் கேட்பார்கள். ரேஞ்சுக்கு என்று ஒரு பை, ஒரு அங்கி தனியாக வாங்கி, ரைபிள் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைத்துவிடுங்கள்.